சின்னப் படகுக்கும் ஆழத்தில் ஒரு வரம்பு வேண்டும்

ஆழ்கடலைச் சிறு மீனவர்களிடமே விட வேண்டும் என்ற கட்சிதான் நான். 2014இல், ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கையைப் பார்க்க மத்திய அரசு அமைத்த மீனாகுமாரி குழு ஒரு பரிந்துரை கொடுத்தது. 200 மீட்டர் முதல் 500 மீட்டர் ஆழம் வரையிலான கடலை இடைத்தடுப்புப் பகுதியாக வைக்கலாம், அதற்கு அப்பால் பெரிய கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்றார்கள். குமரியிலும் கேரளத்திலும் மீனவர்கள் கொதித்தெழுந்தது நியாயம். அந்தக் கடலில் அப்போதே குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். டெல்லிக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லையா என்பது வேறு கதை. 2017இல், வெளிநாட்டில் கட்டிய கப்பல்களுக்கு நம் கடலில் மீன்பிடிக்க அனுமதிக் கடிதம் கொடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது 2025 நவம்பரில் வந்திருக்கும் தனிப்பொருளாதார மண்டல (கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான நம் கடல்) மீன்பிடி விதிகள், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்கின்றன. நல்லது, வரவேற்கிறேன்.

ஆனால் "சிறு மீனவன் பிடித்தால் கடல் அழியாது" என்று நம்மவர்கள் மேடையில் பேசும்போது எனக்கு உறுத்துகிறது. கரைக்கடலில் அது பெரும்பாலும் சரி. ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் சரியில்லை.

மாலத்தீவில் நடந்ததைப் பாருங்கள். 1980 வாக்கில் அங்கே ஆழத்துச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். பெரிய கப்பல் எதுவும் வரவில்லை. உள்ளூர் ஆட்கள், சின்னப் படகுகள், நேர்க்குத்தாக இறக்கும் தூண்டில் கயிறு, அவ்வளவுதான். அந்தப் பத்தாண்டின் முதல் பாதியிலேயே பிடிப்பு உச்சத்துக்குப் போய் அப்புறம் சரிந்தது. எண்ணெய்க்கு விலை இருந்தும் போய்வரும் செலவுக்குக் கட்டாத நிலை வந்தது. 2010இல் நாடு முழுவதும் சுறாப் பிடிக்கத் தடை போட்டபோது இந்தத் தொழிலில் பேசுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

ஏன் இவ்வளவு வேகமாகச் சரிந்தது? அந்தச் சுறாவின் வாழ்க்கை அப்படி. குளிரில், இருட்டில், இரை குறைந்த இடத்தில் மெதுவாக வளர்கிற உயிர். பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் பிடிக்கும். சினைப்பட்டால் குட்டி வெளியே வர இரண்டு ஆண்டுகள் வரைகூட ஆகும். அப்படியும் பல வகைகளில் ஒரு ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான். சூரை (டூனா) இதற்கு நேர் எதிர். இரண்டு மூன்று ஆண்டுகளில் பருவத்துக்கு வந்து, முட்டைகளை லட்சக்கணக்கில் விடும். அதற்காகச் சூரையை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போடக்கூடாது என்கிறேன்.

அரசுத் திட்டங்கள் ஒரே கணக்கில்தான் போடுகின்றன. 2017இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு தரும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீனவர் பங்கு 10, மீதி வங்கிக் கடன். 2,000 படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். சில பத்துகளைத் தாண்டுவதற்கே ஆண்டுகள் ஆயின. சொன்னது சூரைக்கு என்றுதான். ஆனால் கடனை அடைக்கச் சூரை மட்டும் போதாத மாதத்தில் அந்தப் படகு எங்கே தூண்டில் இறக்கும், எந்த ஆழத்துக்கு இறக்கும் என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை.

தூத்தூர் வட்டாரத்துக்கு வருகிறேன். நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊர்கள். சுறாத் தூண்டிலில் இவர்களை மிஞ்ச இந்தியாவில் ஆள் கிடையாது என்று துணிந்து சொல்வேன். கொச்சி, மங்களூரு, குஜராத் என்று எந்தத் துறைமுகத்திலும் இவர்கள் படகு நிற்கும். இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் டியகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்டு அபராதம் கட்டியவர்களும் உண்டு. 2017 ஒக்கிப் புயலின்போதுதான் தமிழ்நாட்டின் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கூட்டம் கரையிலிருந்து அவ்வளவு தூரம் போய் வாரக்கணக்கில் தொழில் செய்கிறது என்பதே தெரியவந்தது. அப்புறம் மறந்தும் போனது.

கொச்சியில் 2000களில் ஆழத்துச் சுறா நன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஈரலில் இருக்கும் ஸ்குவாலீன் என்ற பொருள்தான் காரணம். அழகுசாதனத் தொழிலுக்கு அது வேண்டும், சில தடுப்பூசிகளிலும் சேர்ப்பார்கள். (இதே பொருளை ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்க முடியும். முகத்தில் பூசுகிற கிரீமுக்காக இரண்டு ஆண்டுகள் சினை சுமக்கிற உயிரை இழுத்து மேலே கொண்டுவர வேண்டுமா என்பது என் தனிப்பட்ட ஆத்திரம்.) அந்தத் தொழிலில் இருந்த, எட்டு ஊர்களில் ஒன்றான வள்ளவிளைக்காரர் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். "மீன் குறஞ்சுதான்னு கேக்காத மக்கா. முன்ன எறக்குன கயிறு இப்ப பத்தல, அதான் கணக்கு" என்றார். மேலே இருந்ததைப் பிடித்து முடித்தால் இன்னும் கீழே போவது. கீழேயும் முடிந்தால் அடுத்த பார், அதாவது அடுத்த கடலடிப் பாறைத்திட்டு. ஒவ்வொரு பாராகக் காலியாவது வரவுக் கணக்கில் தெரியவே தெரியாது. கரையில் எடை குறையாமல் வந்துகொண்டிருக்கும். ஒருநாள் சட்டென்று நிற்கும்.

புதிய விதிகளில் எனக்குப் பிடித்தவை இருக்கின்றன. எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதும், இரண்டு படகு சேர்ந்து இரட்டை மடி இழுப்பதும் கூடாது என்கிறது. பாரம்பரியப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டுத் தொல்லை இல்லை. மீன்வள மேலாண்மைத் திட்டங்கள் போடப்படும் என்கிறது. எல்லாம் சரி. ஆனால் மீன் வகைவாரியாகக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிப்போம் என்பதை ஆழத்துக்கும் அப்படியே நீட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கரைக்கடல் மீனுக்கு அது நல்ல விதி. சின்னதாக இருந்தால் திரும்ப விட்டுவிடலாம், நீந்திப் போய்விடும். முந்நூறு மீட்டரிலிருந்து ஏற்றிய மீனை எப்படி விடுவது? மேலே வரவர அழுத்தம் குறைந்து காற்றுப்பை வீங்கி, இரைப்பை வாய் வழியாகத் தள்ளி, கண் பிதுங்கித்தான் பெரும்பாலும் வந்து சேரும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது; ஆனால் அத்தனை ஆழத்திலிருந்து மணிக்கணக்கில் தூண்டிலில் தொங்கி வந்தது பிழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அளவு போதாத மீனைக் கடலில் எறிந்தால் சட்டம் திருப்தியாகும், மீன் சாகும். ஆழத்துக்கு ஒரே வழி, எங்கே இறக்கக்கூடாது, மொத்தம் எத்தனை தூண்டில் முள் இறக்கலாம், ஆண்டுக்கு எவ்வளவு எடை வரை பிடிக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு போடுவதுதான்.

சிறு படகுகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா என்பார்கள். ஹவாயில் செய்தார்கள். அங்கே ஆழத்துச் சங்கரா வகைகள் ஆறும் கலவா வகை ஒன்றுமாக ஏழு மீன்களைச் சேர்த்து ஒரே தொகுதியாக நிர்வகிக்கிறார்கள். பிடிப்பது ஒருவரோ இரண்டு மூன்று பேரோ போகிற படகுகள், தூண்டில் மட்டும். 1998இல் சில பகுதிகளை மூடினார்கள். 2007 முதல் ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று வரம்பு வந்தது. அதை எட்டினால் அந்தப் பருவம் முடிந்தது. மூடிய பகுதிகளைப் பற்றி மீனவர்கள் விடாமல் சண்டை போட்டார்கள், பிற்பாடு அவை திறக்கப்பட்டன, வரம்பு மட்டும் நின்றது. இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சண்டைதான். கணக்கு எல்லோர் கையிலும் இருந்ததால்தான் சண்டையாவது போட முடிந்தது.

நம் கையில் கணக்கு எங்கே இருக்கிறது? கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இறங்குதளங்களுக்குப் போய் உழைத்துத்தான் எடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீன் எந்த மாநிலத்தில் இறங்குகிறதோ அந்த மாநிலக் கணக்கில்தான் ஏறும். தூத்தூர்ப் படகு கொச்சியில் இறக்கினால் அது கேரளத்து மீன். தன் ஊர் எந்தப் பாரில் எவ்வளவு எடுத்தது என்று ஊர்க் கமிட்டிக்கே தெரியாது. தரகருக்குத் தெரியும். முன்பணம் கொடுத்தவர் அவர்தானே. மீன் அவர் வழியாகத்தான் ஏலத்துக்குப் போக வேண்டும், கமிஷனும் பிடித்துக்கொள்வார். பிடிப்பு வரம்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்தக் கடனைத் தொடாமல் பேசுகிறார்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய பணத்தை இந்தப் பயணத்திலேயே அடைத்தாக வேண்டிய ஸ்ராங்கிடம் (படகை ஓட்டும் தலைவர்) போய் அடுத்த தலைமுறை மீனைப் பற்றிப் பேசினால் அவர் சிரிக்கத்தான் செய்வார். உற்பத்தியாளர் அமைப்புகளுக்கு முன்னுரிமை என்றால் முதலில் அந்த அமைப்பு பயணச் செலவுக்குக் கடன் கொடுக்கட்டும், ஒவ்வொரு படகும் வகைவாரியாகச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். கடன் இல்லாமல் சீட்டு கேட்டால் பொய்ச்சீட்டுதான் வரும்.

இழுவை மடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேரளத்தின் கொல்லம் கடலில் 1999-2000 வாக்கில் ஆழ்கடல் இறாலுக்கு மடி இழுக்கத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகளில் வந்த வரத்து அப்படியே நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே 800 மீட்டருக்குக் கீழே தரைமடி (கடலின் தரையை வாரும் இழுவை மடி) கூடாது என்று சட்டம் போட்டது. நாம் அதைவிட மேலேயே கோடு போடலாம்.

புதிய விதிகளில் தாய்க்கப்பல் ஏற்பாடும் இருக்கிறது, சிறு படகுகள் பிடித்த மீனை நடுக்கடலிலேயே பெரிய கப்பலுக்கு மாற்றிக்கொள்ள. சூரைக்கு அது உதவும். ஆழத்து மீனுக்கு, ஐஸ் தீர்ந்து திரும்புகிற அந்த ஒரே இயல்பான தடையும் போய்விடும். அதனால் தாய்க்கப்பல் வருவதற்கு முன்பே மேலாண்மைத் திட்டத்தின் வரைவு தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும், தூத்தூருக்குப் பக்கத்துத் துறைமுகமான தேங்காய்ப்பட்டணத்தில் கூட்டம் போட்டு அதை வாசிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை மேற்குக் கரைத் தடைக்காலமான ஜூன், ஜூலையில் வையுங்கள். மற்ற மாதங்களில் வைத்தால் படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள், முன்வரிசையில் தரகர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.