ரோசா பார்க்ஸ் 'கால் வலியில்' உட்கார்ந்தவர் அல்ல

"வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண், கால் வலியால் பேருந்தில் எழ மறுத்தார், தற்செயலாக வரலாறு மாறியது" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றி வருகிறது. அதில் வரும் பெண் ரோசா பார்க்ஸ்: 1955-இல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். ஆனால் கால் வலிக் கதை தவறு.

ரோசா பார்க்ஸ் தையல் வேலை பார்த்தவர்தான். ஆனால் 1943 முதலே மான்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் செயலாளர். 1944-இல் ஆறு வெள்ளையர்கள் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வன்புணர்வு செய்தபோது, நேரில் போய் விசாரித்து நீதி கேட்டவர். களைப்பு உடலில் இல்லை, விட்டுக்கொடுத்தே சலித்துப்போனேன் என்று அவரே தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

முதலில் மறுத்தவரும் அவரல்ல. ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2-இல், 15 வயது கிளாடெட் கால்வின் கைதானார். பார்க்ஸ் கைதான டிசம்பர் 1 இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடியப் பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்தார். 381 நாள் புறக்கணிப்பு அப்படித்தான் தொடங்கியது. பேருந்துப் பாகுபாட்டை வீழ்த்திய வழக்கின் வாதிகள் நால்வரும் பெண்கள். கால்வினும் அவர்களில் ஒருவர்.

பார்க்ஸின் கையெழுத்துக் குறிப்புகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.