கையெழுத்து அம்மாவுடையது

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய மஞ்சப்பை. பத்திரம், ரசீது எல்லாம் அதற்குள்தான். போன வாரம் அதைக் கொட்டி அடுக்கினேன். நகைக்கடன் அட்டை மட்டும் பதினொன்று இருந்தது. அத்தனையும் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலிக்கும் இரண்டு வளையலுக்கும் போட்டவை. அத்தனையிலும் கடன்தாரர் பெயர் அப்பா.

தாத்தா போட்ட நகை அது. சட்டப்படி சீதனம், முழுக்க அம்மாவுக்கே சொந்தம். ஆனால் அதை எப்போது அடகு வைப்பது என்று ஒருமுறைகூட அம்மா முடிவு செய்ததில்லை. போர்வெல் போட ஒரு தடவை, பழைய தறி வாங்க ஒரு தடவை. "ஆறே மாசம், திருப்பிக் கொடுத்துடறேன்" என்பார் அப்பா. அம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வார். வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பார்கள். போர் எங்கே போடுவது என்று திண்ணையில் பேசியபோது அம்மா டீ கொடுக்க மட்டும்தான் அங்கே வந்தார். 700 அடிக்குப் போயும் புழுதிதான் வந்தது. சங்கிலி நாலு வருஷம் கழித்துத் திரும்பியது. வளையல் மூழ்கிப் போனது.

அப்பா குடித்து அழித்தவர் இல்லை, நல்ல உழைப்பாளி. அதனால்தான் இதை எழுதுகிறேன். நல்ல மனிதர் இருக்கும் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது.

மகளிர் குழுக் கடன் என்றால் மட்டும் கதை தலைகீழ். அதைப் பெண்கள் பெயரில்தான் தருகிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அந்தப் பேச்சுக்குப் பயந்தே பெண்கள் தவணை தவற மாட்டார்கள். அம்மா வாங்கிய 40,000 ரூபாய் அன்று மாலையே நூல் பாக்கிக்குப் போய்விட்டது. வாராவாரம் தவணைக்கு அலைந்தது அம்மா. தறிக்கூடமும் நிலமும் அப்பா பெயரில்.

"சம்பாதிக்கிறவர்தானே முடிவெடுப்பார்" என்று சொல்வீர்கள். அம்மா விடிகாலையில் எழுந்து தார் சுற்றுவார் (தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றும் வேலை), அப்புறம் சமையல், மறுபடி தார். கூலிக்கு ஆள் வைத்தால் அதற்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். 2024-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அதைச் செய்கிற ஆண்கள் 88 நிமிடம். தார் சுற்றியது இந்த 289-இல்கூட வராது, அது தொழில்.

பையில் இன்னொன்றும் இருந்தது. விடுதலைப் பத்திரம். தாத்தா நிலத்தில் தன் பங்கை மாமாவுக்கு விட்டுக்கொடுத்து அம்மா எழுதியது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு உனக்குச் சீர் செய்ய மாமன் வேணுமில்ல? எனக்கும் ஒண்ணுன்னா போய் நிக்க ஒரு வாசல் வேணுமில்ல?" என்றார். இதைப் பாசம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கணவன் வீட்டில் தன் பெயரில் ஒரு சென்ட் இல்லாத பெண், பிறந்த வீட்டு வாசலுக்குக் கட்டும் இன்சூரன்ஸ் அது.

2023 செப்டம்பரிலிருந்து அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. பணம் அம்மா கணக்கில், குறுஞ்செய்தி அண்ணன் போனில். நான்தான் கூட்டிக்கொண்டு போய் எண்ணை மாற்றினேன். இப்போது மாதம் 500 ரூபாய் அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்டுகிறார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணன் இப்போது 8 லட்சத்துக்கு ஒரு மனை பார்த்திருக்கிறான். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலில் இருந்து. "அம்மா பேர்லயே போட்டுடலாம், மிச்சம்தானே" என்றான். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, போடு என்றேன். அடுத்த வாரம் பதிவு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதே ஆபீசுக்குத்தான் அம்மா போகிறார். ஆதாரை எடுத்து வைக்கட்டுமா என்று இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.