போன் சர்வர் பேக்கேஜ் பண்றவங்களே, நான் கையால எழுதி வெச்ச ஃபைல்ல கை வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா?

மூணு நாளா வயிறு எரியுது. வார்த்தை தடிச்சா பொறுத்துக்கோங்க.

நான் பார்த்துக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியோட போன் சர்வர். உள்ள ஓடுறது ஆஸ்டெரிஸ்க்ங்கற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர், மேல வெப் பக்கத்துல கிளிக் பண்ணி அதை செட் பண்ற உங்க பேக்கேஜ். சனிக்கிழமை ராத்திரி செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சு, போட்டேன். போடாம விட முடியாது. இன்டர்நெட் போன் காலுக்கான வாசல் மாதிரி இருக்கிற 5060 போர்ட்டை விடிய விடியத் தட்டுற திருடன் எவனாவது உள்ள புகுந்தா, வெளிநாட்டுக்குக் கால் போட்டே பில்லை ஏத்திடுவான். ரீஸ்டார்ட் ஆச்சு. உள்ள இருக்கிற போன் எக்ஸ்டென்ஷன் எல்லாம் ரெஜிஸ்டர் ஆச்சு, வெளி லைனான ட்ரங்க் பச்சை காட்டுச்சு. நாலு போன்ல பேசிப் பார்த்துட்டுத்தான் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலைல நைட் டியூட்டி சிஸ்டர் கேக்கறாங்க: "ஏன் சார், மூணு நாளா ராத்திரில ஒரு போன் கூட வரல?"

எட்டு மணிக்கு மேல வர்ற கால் எல்லாம் காஷுவாலிட்டிக்குப் போகணும்னு நான் ஒரு ஃபைல்ல கையால டயல் பிளான் எழுதி வெச்சிருந்தேன், எந்தக் கால் எங்க போகணும்ங்கற விதி அது. திறந்து பார்த்தா ஃபைல் இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல! பூட்டிக் கிடந்த ரிசெப்ஷன்ல மணி அடிச்சிக்கிட்டே இருந்திருக்கு. கால் லாக்ல ஒரே நம்பர், 1:40-லேர்ந்து 2:05 வரைக்கும் ஆறு தடவை. அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்கு யாரும் சும்மா போன் பண்ண மாட்டாங்க. அதைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு.

இந்த மாதிரி பேக்கேஜ்ல மெயின் ஃபைலை எல்லாம் டேட்டாபேஸ்லேர்ந்து அதுவே திரும்பத் திரும்ப எழுதும். "இதுல கை வைக்காதே"ன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கும். சரி, வைக்கல. உங்க மாற்றத்துக்குன்னு தனியா "கஸ்டம்" ஃபைல் இருக்கு, அதுல எழுதுங்க, நாங்க தொட மாட்டோம்னீங்க. எழுதினேன். அதையும் துடைச்சிட்டுப் போனா என்ன அர்த்தம்?

இது ஒண்ணும் புதுப் பிரச்சினை இல்ல. டெபியன் லினக்ஸ்ல நான் மாத்தின கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலுக்குப் புது வெர்ஷன் வந்தா, பேக்கேஜ் போடற டிபிகேஜி எதை வெச்சுக்கணும்னு நின்னு கேக்கும். வெறும் என்டர் தட்டினா பழசுதான் நிக்கும். ரெட் ஹேட் மாதிரி லினக்ஸ்ல இருக்கிற ஆர்பிஎம்ல பேக்கேஜ் கட்டறவங்க ஒழுங்கா குறிச்சு வெச்சா, புதுசு "ஆர்பிஎம்நியூ"ன்னு பக்கத்துல உக்காரும். வேற மாதிரி குறிச்சிருந்தாக்கூட பழசை "ஆர்பிஎம்சேவ்"னு எடுத்து வைக்கும். அது எதையும் மதிக்காம, அப்டேட் ஸ்கிரிப்ட்ல நேரா ஒரு காப்பி கமாண்ட் போட்டு மேல எழுதியிருக்கீங்க.

புகார் கொடுத்தா, அப்டேட்டுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கறது நல்லதுங்கறாங்க. பேக்கப் இருந்துச்சுங்க! பத்து நிமிஷத்துல திரும்பப் போட்டேன். ஆனா போனது தெரிஞ்சாத்தானே திரும்பப் போட முடியும்? ஒரு எச்சரிக்கை இல்ல, லாக்ல ஒரு வரி இல்ல.

இப்போ அந்த ஃபோல்டர் மொத்தத்தையும், மாற்றத்தைப் பதிவு பண்ற கிட் (Git) சாஃப்ட்வேர்ல போட்டு, ஒரு எழுத்து மாறினாலும் எனக்கு மெசேஜ் வர்ற மாதிரி, குறிச்ச நேரத்துல தானா ஓடுற கிரான்ல வெச்சிருக்கேன். இதுக்கப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் அங்கேயே உக்காந்து, என் போன்லேர்ந்து டயல் பண்ணி, காஷுவாலிட்டில சிஸ்டர் எடுத்து "ஹலோ"ன்னு சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பறேன்.