டிக் அடிக்கும் முன் ஒரிஜினலைப் பாருங்கப்பா

ராயபுரம், காசிமேடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ரம்மி போட்டாலே ஒரே பேஜாரு. 13 சீட்டையும் விரித்து ஒருத்தர் "டிக்", அதாவது ஆட்டம் முடிந்தது, என்பார். பார்த்தால், ஒரே ஜாதியில் அடுத்தடுத்து கட்டிய எல்லா வரிசையிலும், எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர் ஒட்டியிருக்கும். ஜோக்கர் இல்லாத வரிசை, அதுதான் ஒரிஜினல், ஒன்று கட்டாயம் வேண்டும்ப்பா! அதோடு இன்னொரு வரிசையாவது வேண்டும். இல்லையென்றால் தப்பு டிக், 80 பாயின்ட் ஏறும். அதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

ஒரே எண்ணை வெவ்வேறு ஜாதியில் சேர்க்கும் செட்டில் இன்னொரு கூத்து. இரண்டு கட்டு போட்டு ஆடுவதால் இஸ்பேடு 7 இரண்டு வரும். இரண்டையும் ஒரே செட்டில் வைத்தால் செல்லாது. எண் ஒன்றாக இருந்தால் போதாது, நாலு ஜாதியில் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரலாம். வரிசையில் ராஜா, ஏஸ், 2 என்று சுற்றிக் கட்டுவதும் செல்லாது.

இதைவிட எரிச்சல், குலுக்குவது. ஆட்டம் முடிந்ததும் வரிசைகளை அப்படியே வாரி எடுத்து, மேலோட்டமாக நாலு தட்டு தட்டிப் பங்கு போடுகிறார்கள். சேர்ந்த சீட்டு சேர்ந்தே போகும், ஒருத்தர் கைக்கே ரம்மி ரெடியாக வரும். பாயில் 104 சீட்டையும் கவிழ்த்துக் கலைத்து, பிறகு குலுக்கி, பக்கத்து ஆளிடம் வெட்டக் கொடுங்கள்.

ஸ்கூட் என்றால் ஆடாமல் சீட்டைக் கவிழ்த்து விலகுவது. ஆரம்பத்திலேயே விலகினால் முதல் ஸ்கூட், 20 பாயின்ட்; நடுவில் விலகினால் நடு ஸ்கூட், 40. இதை முதல் சீட்டு போடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கை மோசம் என்று தெரிந்த பிறகு, "எங்க தெருவுல நடுவுலயும் 20தான்" என்று ஆரம்பிக்காதீர்கள்.