ஒன்பது நிமிடமும் பை-டூ காபியும்

கம்பெனி ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் மெயிலில் வந்த அன்றைக்கு ராத்திரிதான் நான் ஐஸ்கிரீம் ஆர்டர் பண்ணினேன். ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற அளவு, 6.1 என்று போட்டிருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பா இருபது வருஷமாக மாத்திரை போடுகிறவர், அதனால் இந்தக் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்தும் பத்தே முக்காலுக்கு லேப்டாப்பை மூடினதும் கை தானாக ஃபோனுக்குப் போனது. "ஒன்பது நிமிடம்" என்றது ஆப். செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் கீழே குரல். "அக்கா, சீக்கிரம் வாங்க, உருகிடும்!"

ஆர்டரில் இருந்த என் பெயரை வைத்துத் தமிழ் என்று கண்டுபிடித்திருக்கிறான் டெலிவரி பையன். பெங்களூருக்கு வந்த வாணியம்பாடிக்காரன். "இந்நேரத்துக்கு எல்லாருமே இதான்க்கா. ஐஸ்கிரீம், சிப்ஸ், கூல்ட்ரிங்ஸ்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆர்டரைப் பார்த்தான். 

ஆக, நான் மட்டும் இல்லை. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, என்னை மாதிரி வாசற்படியில் நிற்கிறவர்கள் 13.6 கோடி.

இதைச் சொன்னால் உடனே "மனக்கட்டுப்பாடு வேணும்" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. தர்மபுரி பக்கம் நான் வளர்ந்த வீட்டில் ராத்திரி பத்தே முக்காலுக்கு இனிப்பு கேட்டால் என்ன நடந்திருக்கும்? அண்ணாச்சி கடை எட்டரைக்கே மூடியாச்சு. வீட்டில் இருந்தது வெல்லம் மட்டும், அதுவும் பரண் மேல் டப்பாவில். ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். தூங்கிவிடுவோம். எங்கள் அம்மாவுக்கு என்னைவிட மனஉறுதி அதிகம் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கும் தின்பண்டத்துக்கும் நடுவே ஒரு ராத்திரி இருந்தது. எனக்கு ஒன்பது நிமிடம்தான் இருக்கிறது.

அதே சமயம் நல்ல சாப்பாடு மட்டும் எட்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. மாரத்தஹள்ளி ஆபீஸிலிருந்து அல்சூர் வீட்டுக்கு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நான் வந்து சேரும்போது ஹாப்காம்ஸ் பழக்கடை ஷட்டரை இறக்கியிருக்கும், கீரைக்காரம்மா போயிருப்பார். திறந்திருப்பது ஃபோன் ஒன்றுதான்.

அதனால் நான் டயட் எதுவும் இருக்கவில்லை. தூரத்தை மாற்ற ஆரம்பித்தேன்.

முதலில் ஆபீஸ் காபி மெஷின். என் சீட்டிலிருந்து பதினாலு அடி. ஒரு நாளைக்கு நாலு கப். ஹவுஸ்கீப்பிங் அக்கா மெஷினுக்குள் பொடியைக் கொட்டும்போது அந்தப் பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். முதல் பெயரே சர்க்கரை. எது எடையில் அதிகமோ அதைத்தான் லேபிளில் முதலில் போட வேண்டும், சட்டம் அப்படி. அப்போ நான் நாலு வேளை குடித்தது காபி வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணீர். சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் வைத்தால் நல்லது என்று 2015-இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 250 மில்லி கோலா ஒன்றே அந்தக் கணக்கை முடித்துவிடும். 

இப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற தர்ஷினிக்கு, அதாவது நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஹோட்டலுக்கு, போகிறேன். போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம். அங்கே பை-டூ. பெங்களூரில் இல்லாதவர்களுக்கு: ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் கொடுப்பார்கள். புதிதாக வந்தபோது இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். நாலு வாய்தான் இருக்கும், ஆனால் நுரையோடு, சூடாக, நின்றுகொண்டே, எதிரில் ஒரு ஆளோடு. என் டீம் கன்னடப் பெண்தான் பார்ட்னர். "சக்கரே பேடா", சர்க்கரை வேண்டாம், என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாராளமாகப் போட்டே கொடுப்பார்கள். சாம்பாரிலேயே வெல்லம் போடுகிற ஊர் இது, காபியை விடுவார்களா? நாலு கப் இரண்டு அரை கப் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம், அதிலுள்ள டானின் இரும்புச்சத்தைச் சேரவிடாது என்று 2024-இல் வந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலில் இருக்கிறது. அதனால் பதினொன்றுக்கும் நாலுக்கும்.

அடுத்து, பேண்ட்ரியில் பிஸ்கட்டுக்குப் பதிலாக வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் வைக்கச் சொல்லி அட்மினுக்கு மெயில் போட்டேன். ரொம்ப நல்ல யோசனை என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை வந்தது ராகி பிஸ்கட்! பச்சை டப்பா, மேலே கதிர் படம். திருப்பிப் பார்த்தால் மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம் நாலாவதாக ராகி. களி கிண்டிய கையால் வளர்ந்தவளிடமே இந்த வேலை. ‘ஹெல்த் ட்ரிங்க்’ கதையும் இதேதான். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் சொன்ன பிறகுதான் ஆன்லைன் கடைகள் அந்தப் பிரிவிலிருந்து பானங்களைத் தூக்க வேண்டி வந்தது. அதுவரை எத்தனை பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுத்திருப்போம்.

உடனே "பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புவோம்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் பாட்டி இரண்டு உருண்டை களி தின்றாள், நிஜம். தின்றுவிட்டுப் பொழுது சாயும்வரை களை எடுத்தாள். நான் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே இரண்டு உருண்டை தின்றால் ரிப்போர்ட்டில் ஏழு வரும். ராகியில் கால்சியம் அதிகம், நார்ச்சத்து உண்டு, எல்லாம் சரி. மாவுச்சத்தும் உண்டு. இப்போது ஒரு உருண்டை, கூடவே கீரை போட்ட பருப்பு.

வீட்டில் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். டெலிவரி ஆப்பை மூன்று தடவை அழித்து மூன்று தடவை திரும்பப் போட்டேன். பிரயோஜனமில்லை. நாலாவது தடவை என் கணவர் அதில் சேமித்திருந்த கார்டு விவரம், யூபிஐ, விலாசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். இனி ஒவ்வொரு தடவையும் பதினாறு இலக்கம் அடிக்க வேண்டும், அதுவும் பக்கத்து அறையில் இருக்கிற கார்டை எடுத்து வந்து. ஆறு வாரத்தில் இரண்டு தடவைதான் அடித்திருக்கிறேன். ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேரே இருக்கிற தட்டில் சுண்டல், வெட்டின பப்பாளி. மைசூர்பாக்கு பரண் மேல்.

ஸ்டூலை மட்டும் இன்னும் ஒளித்து வைக்கவில்லை.

அடுத்த டெஸ்ட் மாதக் கடைசியில். அதற்குள் ஒரு உதவி: மாரத்தஹள்ளி பக்கம் டிகாக்‌ஷன், பால், சர்க்கரை மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது, கொஞ்சம் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது.