தாங்கத் தெரியாதவள் இல்லை அவள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். பெயர் சொல்லி யாரையும் இழுக்கப் போவதில்லை. மருத்துவ உளவியல் படிப்பைப் பாதியில் விட்டுப் போன அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டதும், துறையில் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "தன் மனசையே பார்த்துக்கத் தெரியாதவங்க அடுத்தவங்க மனசை என்னத்தைப் பார்க்கப் போறாங்க?" கூட இருந்தவர்களும் சிரிக்கிறார்கள். அவர் பேச்சைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்பை என்னால் விட முடியவில்லை.

அவள் தாங்கத் தெரியாமல் போகவில்லை. யாரும் தாங்கக் கூடாததை இத்தனை நாள் தாங்கிவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்தப் படிப்பு பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியலில் சை.டி. (Psy.D.) என்கிற முனைவர் நிலைப் படிப்பு முதுகலை முடித்த பிறகு நான்கு வருடம். ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. 1992 சட்டம் அப்படி. அந்தப் பதிவுக்கு முன்னால் வார்டு, ஓ.பி., டெஸ்டிங், கேஸ் ரெக்கார்டு, ஆய்வேடு எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று துறைக்குள் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சிரித்தவர்களுக்கும் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். நோயாளியின் அடையாளம் தெரியக் கூடாது என்று விவரங்களை மாற்றியிருக்கிறேன். பயிற்சியில் இருந்தபோது ஒரு காலை, வார்டில் என் வயதே இருக்கும் ஓர் அக்கா, தினமும் கொடுக்கும் மாத்திரையை விழுங்காமல் எங்கே சேர்த்து வைத்திருக்கிறார், எதற்காகச் சேர்க்கிறார் என்று என்னிடம் சொன்னார். டாக்டருக்குத் தகவல் சொன்னேன், மாத்திரையை எடுத்தார்கள், கண்காணிப்பில் போட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. அடுத்த அரைமணியில் நான் ஓ.பி.யில் இருந்தேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஓர் அம்மாவும் பையனும் முன்னால். அறிவுத்திறனைச் சோதிக்கிற செகுவின் பலகை, அதில் அந்தந்தப் பள்ளத்தில் பொருத்த வேண்டிய பத்து மரத்துண்டுகள். வட்டத்தைப் போட்டுவிட்டான், சதுரத்தைப் போட்டுவிட்டான், நட்சத்திரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த என் கை நடுங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாதான் கேட்டார்: "சாப்டியாம்மா?"

அன்று முழுவதும் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

காலையில் நடந்ததைக் கேஸ் ரெக்கார்டில் எழுதும்போது, எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதியிருந்தேன். அப்படி எழுதத்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு மையில் 'ஓவர் இன்வால்வ்டு', அதாவது நோயாளியோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டாள் என்று அடித்துத் திரும்பி வந்தது. அதைப் பற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. மேற்பார்வை என்பது வராண்டாவில் நடந்துகொண்டே நடந்தது.

"எங்க காலத்துல நாங்க படாததா?" என்பீர்கள். பட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்களில் பலர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மாதிரி அரசு நிறுவனங்களில் மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு படித்தவர்கள். தனியார் கல்லூரியில் இன்று ஒரு பிள்ளை லட்சக்கணக்கில் கட்டணமும் கட்டி, அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாமல் வேலையும் பார்க்கிறது. பக்கத்து அறையில் ரிப்போர்ட்டுக்கு நோயாளியிடம் வாங்குகிற பணத்தில் அதற்கு ஒரு டீ கூட இல்லை. அப்புறம், நீங்கள் பட்டீர்கள் என்றால் அடுத்தவளுக்கு அது வரக் கூடாது என்றுதானே தோன்ற வேண்டும்? எப்படி ஐயா சிரிக்கத் தோன்றுகிறது?

"டாக்டர் பி.ஜி.க்களுக்கு இதைவிட மோசம்." ஆமாம். அதுவும் தப்புதான்.

"நோயாளியோட பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே, நிலையா இல்லாதவங்களை எப்படி உட்கார வைக்கிறது?" இது நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சி மாணவருக்கு உதவி வேண்டும் என்கிறேன். அடுத்தவர் மனதைப் பகுப்பாய்வு செய்கிறவரே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் மனதையும் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1937லேயே எழுதிவிட்டார். இங்கே தெரபிக்குப் போக வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டதற்கு அவளுக்குக் கிடைத்த பதில், "உனக்கே தெரபியா?" மனநலச் சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. அதை மனப்பாடம் பண்ணித் தேர்வில் எழுத வைக்கிறார்கள். எழுதுகிற பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாதா?

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள். வந்த ஆளை விரட்டியது யார்?

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். தாலிக்கொடி தவிர எல்லாம் அடகில் இருக்கிறது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரில பொம்பளைப் பிள்ளைக்கு என்னடி படிப்பு" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் மகளுக்காகச் சண்டை போட்டவர். இப்போது அதே சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய டாக்டரே சொல்லிவிட்டாராம். அந்த அம்மா இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களை இன்னும் தரவில்லை. மீதி வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவார்களாம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவிக்கை விட்டிருக்கிறது. இந்த விஷயத்தில் அனுபவமுள்ள வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "போடுங்கக்கா" என்றாள்.