இருட்டு அந்தக் கதையிலயே இருக்கு, வெளிய தேடாதீங்க

வேல்ஸ் பழங்கதையை எடுத்து இன்னைய லண்டன்லயோ கார்டிஃப்லயோ நடக்குற மாதிரி எழுதுற டார்க் ஃபேன்டஸி நாவல் எது கிடைச்சாலும் படிச்சிடுவேன், ஆனா சமீபமா படிச்சதுல பாதி வெறும் கடுப்புதான். அன்னூன்ங்கிற மறு உலகத்தை அப்படியே நரகமாக்கி, அதோட ராஜா அராவ்னை பேயாக்கி, சிவப்புக் காது வெள்ளை நாய்ங்களை சுரங்க ரயில் பாதையில ஓடவிட்டு கதையை முடிச்சிடுறாங்க.

மபினோகிங்கிற வேல்ஸ் பழங்கதைத் தொகுப்புல அராவ்ன் அப்படியா இருக்கான்? அவன் வேட்டையாடின மானை ஒரு இளவரசன் தட்டிப் பறிக்கிறான், அதுக்குப் பரிகாரமா ரெண்டு பேரும் உருவம் மாத்திக்கிட்டு ஒரு வருஷம் ஒருத்தர் நாட்டை ஒருத்தர் ஆளணும்னு பேச்சு. திரும்பி வந்த இளவரசன்கிட்ட அவன் ஜனங்க, இந்த வருஷம் மாதிரி நீங்க நல்லா ஆண்டதே இல்லன்னு சொல்றாங்க, ஆண்டது அராவ்ன்! இவனைப் போய் வில்லனாக்க எப்படிங்க மனசு வருது?

நிஜமான இருட்டு வேணும்னா பிரான்வென் கதைக்கு வாங்க. அயர்லாந்து ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்த பொண்ணு. அவ அண்ணன் ஒருத்தன் கல்யாணத்துக்கு வந்த அந்த ராஜாவோட குதிரைங்களை உதடு, காது, வாலுன்னு அறுத்துப் போட்டான், அந்தப் பழி எல்லாம் இவ தலையில விழுது. புருஷன் அறையை விட்டுத் துரத்தி அரண்மனை சமையல்கட்டுல போடுறாங்க, கறி வெட்டுறவன் தினமும் வந்து கன்னத்துல ஒரு அறை விட்டுட்டுப் போவான், மூணு வருஷம். சேதி வெளிய போயிடக் கூடாதுன்னு கப்பலையே நிறுத்திடுறாங்க. அவ மாவு பிசையுற தொட்டி ஓரத்துல ஒரு ஸ்டார்லிங் பறவைக் குஞ்சை வளர்த்து, பேசப் பழக்கி, சிறகடியில கடிதம் கட்டி கடல் தாண்டி இன்னொரு அண்ணன், பிரிட்டன் ராஜா பிரானுக்கு அனுப்புறா. இதுக்கு மேல என்னங்க திகில் வேணும், பேயே இல்லாம குலை நடுங்குது.

அவளுக்காக பிரான் படையோட வர, அப்புறம் நடக்குற போர்ல அயர்லாந்துக்காரங்க செத்தவங்களை ஒரு மந்திரக் கொப்பரையில போடுறாங்க, மறுநாள் எழுந்து முன்ன மாதிரியே சண்டை போடுவாங்க, வாய் மட்டும் பேசாது. இந்த ஊமைப் படையை ஒரு பெரிய நகரத்து ஜனக்கூட்டத்துக்குள்ள விட்டு எழுதலாமே!

நகரமும் கதைக்குள்ளயே இருக்கு. விஷம் தோய்ச்ச ஈட்டி பட்ட பிரான், என் தலையை வெட்டி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றான். 87 வருஷம் அந்தத் தலை கூட இருந்தவங்களோட பேசிச் சிரிச்சிட்டு இருந்துச்சு, கடைசியா லண்டன் வெள்ளைக் குன்றுல ஃபிரான்ஸைப் பார்த்த மாதிரி புதைச்சாங்க. அது அங்க இருக்குற வரைக்கும் கடல் தாண்டி ஒரு கேடும் வராது. அந்தக் குன்று இன்னைக்கு டவர் ஆஃப் லண்டன் நிக்கிற இடம்தான்னு பலரும் சொல்வாங்க.

அந்தத் தலையைத் தோண்டி எடுத்தது யாருன்னு பழைய வேல்ஸ் மும்மைகள், அதாவது விஷயங்களை மூணு மூணா அடுக்கிச் சொல்ற பழங்குறிப்புங்க, சொல்லுது: பழங்கதை ராஜா ஆர்தர். தன் பலத்தைத் தவிர வேற எதுவும் இந்த நாட்டைக் காக்கக் கூடாதுன்னு நினைச்சானாம். எனக்கு வேண்டிய நாவல் அங்கதான் ஆரம்பிக்கணும், ஆர்தர் அதுல ஹீரோவா இருக்கவே கூடாது.